விசிறிக்குக் கட்டளையிடுவது யார்? வீட்டுச் சர்வரின் விசிறிக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

விசிறி ஓயாமல் இரைகிறது. அல்லது சுழல்கிறது, ஆனால் திரையில் பூஜ்யம் காட்டுகிறது. அல்லது என்ன எண்ணை எழுதினாலும் அசைந்துகொடுக்க மறுக்கிறது. இப்படி ஏதாவது ஒன்று நடந்ததும் பலர் கான்ஃபிக் கோப்பைத் திறந்து எண்களை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த விசிறி இப்போது யார் சொல்படி ஓடுகிறது?

சாதாரண மதர்போர்டில் ‘சூப்பர் ஐ.ஓ.’ என்ற சிறிய சிப், பயாஸ் (போர்டிலேயே உள்ள தொடக்க நிரல்) கொடுத்த வளைகோட்டின்படி, அதாவது எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கின்படி, தானாகவே விசிறியை ஓட்டும். இயங்குதளம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். சர்வர் போர்டுகளில் அந்தப் பொறுப்பு பி.எம்.சி. எனப்படும் தனிக் கணினியிடம் இருக்கிறது. மூன்றாவதாக, லினக்ஸில் நாம் ஓடவிடும் ஃபேன்கன்ட்ரோல் போன்ற நிரல். ஒரே உறையில் இரண்டு கத்திகளைச் செருகினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கும். கீழே வரும் அறிகுறிகளில் சில, இரண்டு எஜமானர்கள் ஒரே விசிறியைப் பிடித்து இழுப்பதன் விளைவுகள்.

விசிறியின் கேபிளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு கம்பிகள்: தரை, 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் டாக்கோ கம்பி, வேகத்தை ஆணையிடும் பி.டபிள்யூ.எம். கம்பி. கடைசி இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. டாக்கோ ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும், 1200 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 40 துடிப்புகள். பி.டபிள்யூ.எம். கம்பியில் போவது ஏறக்குறைய 25 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞை. அந்தக் கம்பி அறுந்தாலோ கழன்றாலோ விசிறி முழு வேகத்துக்குப் போய்விடும், வடிவமைப்பே அப்படி. ஆகவே ‘வேகம் தெரியவில்லை’ என்பதும் ‘வேகம் குறையவில்லை’ என்பதும் இரண்டு தனித்தனி நோய்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்துப் பயனில்லை.

‘சென்சார்ஸ்’ கட்டளையில் விசிறி வரியே இல்லை

வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் பட்டியலிடும் லினக்ஸ் கட்டளை இது. அதில் சி.பி.யூ. வெப்பநிலை மட்டும் வருகிறது, விசிறியைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், சி.பி.யூ.வைப் படிக்கும் கோர்டெம்ப் அல்லது கே10டெம்ப் மட்டும் ஏறியிருக்கிறது, சூப்பர் ஐ.ஓ. சிப்புக்கான மாட்யூல் (கர்னலின் டிரைவர்) ஏறவில்லை என்று பொருள். ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ கட்டளையை ரூட்டாக ஓட்டுங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு என்டர் தட்டிக்கொண்டே போனால் போதும். ஆபத்தான தேடல்களுக்கு அதன் இயல்புநிலைப் பதிலே ‘வேண்டாம்’ என்பதுதான். வீரம் காட்டி எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்ல வேண்டியதில்லை.

சிப் நுவோட்டான் தயாரிப்பு என்றால் பெரும்பாலும் என்.சி.டி.6775 மாட்யூல், பெயரில் ஓர் எண் இருந்தாலும் அது ஒரு குடும்பத்தையே கவனித்துக்கொள்ளும். ஐ.டி.இ. என்றால் ஐ.டி.87. புதிய ஐ.டி.இ. சிப்புகள் பலவற்றைக் கர்னலோடு வரும் ஐ.டி.87 அடையாளம் காண்பதில்லை. ‘அப்படிப்பட்ட சாதனம் இல்லை’ என்று மாட்யூல் திரும்பி வந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். கர்னலுக்கு வெளியே பராமரிக்கப்படும் பதிப்பை, கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கட்டித்தரும் டி.கே.எம்.எஸ். வழியாக நிறுவுவது ஒரு வழி. சிப்பின் அடையாள எண்ணைப் பொய்யாகக் கொடுத்து மாட்யூலை வலுக்கட்டாயமாக ஏற்றுவது இன்னொரு வழி. இரண்டாவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு சிப்பின் பதிவேட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு வேறொரு சிப்பில் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்குரூ டிரைவரை ஓட்டும் வேலை.

‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழை வந்தால் கதை வேறு. கர்னல் பதிவைப் பாருங்கள். அந்தச் சிப்பின் முகவரி வரம்பு தனக்குச் சொந்தம் என்று ஏ.சி.பி.ஐ. (வன்பொருளை நிர்வகிக்க பயாஸ் தரும் இடைமுகம்) உரிமை கொண்டாடியிருக்கும். உடனே கர்னல் அளவுருவில் ஏ.சி.பி.ஐ. கட்டுப்பாட்டை ஒட்டுமொத்தமாகத் தளர்த்திவிடும்படி ஆலோசனைகள் குவியும். அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பயாஸின் ஏ.சி.பி.ஐ. நிரலும் டிரைவரும் ஒரே நேரத்தில் அந்தச் சிப்பைத் தொட்டால், ஒன்று பதிவேட்டைத் தேர்ந்தெடுக்கும் நொடியில் மற்றது வேறு எதையோ எழுதிவிடலாம். ஐ.டி.87 மாட்யூலில் அந்த மாட்யூலுக்கு மட்டும் மோதலைப் பொருட்படுத்தாமல் விடும் தனி விருப்பம் இருக்கிறது. தளர்த்தியே ஆக வேண்டுமென்றால் அங்கே மட்டும் தளர்த்துங்கள். ஆசுஸ் போர்டுகள் பலவற்றில் புதிய கர்னல்களின் என்.சி.டி.6775 மாட்யூல் பயாஸ் தரும் டபிள்யூ.எம்.ஐ. என்ற இடைமுகம் வழியாகவே சிப்போடு பேசுகிறது. அங்கே கர்னலைப் புதுப்பித்தாலே பிரச்சினை ஓய்ந்துவிடலாம்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் உட்கார்ந்து விசிறியைத் தேடுகிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எதுவும் தெரியாது. விசிறி தொடர்பான எதையும் ஹோஸ்டில்தான் ஓட்ட வேண்டும்.

விசிறி சுழல்கிறது, வேகம் பூஜ்யம்

சர்வரை மறுதொடக்கம் செய்து பயாஸின் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைப் பாருங்கள். அங்கும் பூஜ்யமா? அப்படியானால் லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு கேபிளில். அங்கே எண் வந்து இங்கே வரவில்லையென்றால் மாட்யூலில்.

கேபிள் கோளாறுகளில் முதலிடம் ஸ்ப்ளிட்டருக்கு. ஒரு ஹெடரிலிருந்து (போர்டில் விசிறியைச் செருகும் பின் வரிசை) இரண்டு விசிறிகளுக்குப் பிரியும் கேபிளில், ஒரு கிளையில் மட்டுமே டாக்கோ பின் இருக்க வேண்டும். மற்றக் கிளையின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் மூன்றாவது பின் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்தக் கிளையில் மட்டும் விசிறியைச் செருகிவிட்டு முதல் கிளையைக் காலியாக விட்டால் பூஜ்யம்தான் வரும். மலிவான சில ஸ்ப்ளிட்டர்களில் இரண்டு கிளைகளிலும் டாக்கோ இருக்கும். இரண்டு விசிறிகளின் துடிப்புகளும் கலந்து, வேகம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்காகவும் வேறு எண்களுக்குத் தாறுமாறாகவும் தாவும்.

வேகம் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ நிலையாக நின்றால் அது ஸ்ப்ளிட்டர் அல்ல, துடிப்புக் கணக்கு. என்.சி.டி.6775 குடும்பத்தில் ஒவ்வொரு விசிறிக்கும் துடிப்பு எண்ணிக்கையைக் குறிக்கும் கோப்பு இருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். பழைய சிப்புகளில் மெதுவாகச் சுழலும் விசிறியை அளக்க முடியாமல் பூஜ்யம் காட்டும் வழக்கமும் உண்டு. துடிப்புகளை அளக்கும் கடிகாரத்தின் வகுஎண்ணைக் கூட்டினால் எண் தோன்றும்.

‘சென்சார்ஸ்’ பட்டியலில் ஏதோ ஒரு உபரி வெப்பநிலை 127 டிகிரி என்றோ பூஜ்யத்துக்குக் கீழே என்றோ காட்டினால் பதற வேண்டாம். எதனுடனும் இணைக்கப்படாத பின் அது. சென்சார்ஸ் கோப்பில் அதைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தப் பொய்யான வெப்பநிலையைப் பயாஸ் ஏதாவது விசிறிக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கத் தவறாதீர்கள். அடுத்த அறிகுறிக்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போதும் முழு வேகம்

பெட்டியைத் திறந்து பிளக்கைப் பாருங்கள். நான்கு பின் ஹெடரில் மூன்று துளை பிளக் செருகப்பட்டு, நான்காவது பின் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால் அது மூன்று கம்பி விசிறி. அதற்கு வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். ஹெடர் பி.டபிள்யூ.எம். முறையில் இருந்தால் 12 வோல்ட் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். பயாஸில் அந்த ஹெடரை டி.சி. முறைக்கு மாற்றுங்கள்.

பம்ப் என்று எழுதப்பட்ட ஹெடர் இயல்பாகவே முழு வேகத்தில் நிற்கும். சாட்டா மின்சாரத்தில் ஓடும் விசிறி ஹப்பில், மதர்போர்டிலிருந்து வரும் கட்டுப்பாட்டுக் கேபிள் கழன்றிருந்தால் அத்தனை விசிறிகளும் ஒன்றாக அலறும். இவை சுலபமானவை. இவை எதுவும் இல்லையென்றால் கட்டுப்பாட்டு முறையைச் சொல்லும் ‘பி.டபிள்யூ.எம்.1_எனேபிள்’ கோப்பைப் படித்துப் பாருங்கள். 0 என்றால் கட்டுப்பாடு இல்லை, முழு வேகம். 1 என்றால் கைமுறை. 2 அல்லது அதற்கு மேல் என்றால் சிப்பின் தானியங்கி முறைகளில் ஒன்று. புதிய நுவோட்டான் சிப்புகளில் 5 என்பது பயாஸ் பயன்படுத்தும் வளைகோட்டு முறை. 0 என்று இருந்தால் பெரும்பாலும் ஃபேன்கன்ட்ரோல் ஏதோ பிழையில் நின்று, போகும்போது விசிறியைப் பாதுகாப்பாக அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதன் பதிவைப் படியுங்கள்.

பிராண்டு சர்வர்களில் தனக்குத் தெரியாத பி.சி.ஐ. கார்டைக் கண்டதும் பி.எம்.சி. விசிறிகளை ஏற்றிவிடுவது உண்டு. கார்டை எடுத்துவிட்டுத் தொடங்கினால் அமைதியாகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சில விநாடிகளுக்கு ஒருமுறை இரைந்து அடங்குகிறது

வீட்டுச் சர்வர்க்காரர்களை மிகவும் அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். இரண்டு வகை உண்டு. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, சி.பி.யூ. வேலையோடு ஒத்துப்போனால் அது வளைகோட்டின் குற்றம். நவீன சி.பி.யூ.வின் வெப்பநிலை ஒரு நொடியில் 10, 15 டிகிரி தாவும். செங்குத்தான வளைகோடு ஒவ்வொரு தாவலுக்கும் துள்ளும். பயாஸில் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கூட்டுங்கள், கோட்டைச் சாய்வாக்குங்கள். தீர்ந்தது.

மற்ற வகை வேறு. சர்வர் சும்மா இருக்கும்போதும், எல்லா விசிறிகளும் ஒன்றாக உச்சத்துக்கு எகிறி, சில விநாடிகளில் அடங்கி, மறுபடி எகிறும். சூப்பர்மைக்ரோ போன்ற பி.எம்.சி. உள்ள போர்டில் சத்தமில்லாத பெரிய விசிறியை மாட்டியவுடன் இது தொடங்கும். விசிறியில் பழுதில்லை, பி.எம்.சி.யிலும் பழுதில்லை. ஒவ்வொரு விசிறிக்கும் ‘இதற்குக் கீழே போனால் அது சாகிறது’ என்ற அடி வரம்பை பி.எம்.சி. வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆர்.பி.எம்.மில் ஓடும் சர்வர் விசிறிக்காக வைக்கப்பட்ட வரம்பு அது. உங்கள் 140 மில்லிமீட்டர் விசிறியோ 400இல் சாவகாசமாகச் சுழல்கிறது. பி.எம்.சி. அதைக் கண்டு, விசிறி செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, மற்ற விசிறிகளையும் சேர்த்து முழு வேகத்துக்கு ஏற்றுகிறது. உடனே இந்த விசிறியும் வரம்பைத் தாண்டி ஏறுகிறது. அபாயம் நீங்கியதாகக் கருதி பி.எம்.சி. வேகத்தைக் குறைக்கிறது, விசிறி மறுபடி வரம்புக்குக் கீழே. முடிவே இல்லை.

பி.எம்.சி.யோடு பேசும் ‘ஐ.பி.எம்.ஐ.டூல்’ கருவியில் சென்சார் பட்டியலை எடுத்தால் ஒவ்வொரு விசிறியின் வேகத்துக்குப் பக்கத்தில் மூன்று கீழ் வரம்புகள் தெரியும். பி.எம்.சி.யின் நிகழ்வுப் பதிவில் ‘கீழ் அபாய வரம்பு’ மீறல்கள் வரிசையாக நின்றால் சந்தேகமே இல்லை. அதே கருவியின் ‘சென்சார் த்ரெஷ்’ கட்டளையில் விசிறியின் பெயரைக் கொடுத்து, கீழ் வரம்புகள் என்று சொல்லி, மூன்று எண்களைத் தாருங்கள். வரிசை முக்கியம்: மிகக் குறைந்தது முதலில். 100, 200, 300 என்பது மெதுவான விசிறிக்குப் பொருத்தமான தொடக்கம். பி.எம்.சி. தன் அளவுப் படிக்கு ஏற்ப எண்ணை முழுமையாக்கிக்கொள்ளும். ஆகவே எழுதிய பிறகு திரும்பப் படித்துச் சரிபாருங்கள். வரம்பைப் பூஜ்யமாக்கிவிடும் ஆசையும் வரும். வேண்டாம், விசிறி உண்மையிலேயே நின்றுபோனால் சொல்ல ஆள் இருக்காது. விசிறி ஓடும் மிகக் குறைந்த வேகத்தை அளந்து, அதற்குச் சற்றே கீழே வையுங்கள்.

சூப்பர்மைக்ரோ போர்டுகளில் எண் போட்ட ஹெடர்கள் ஒரு மண்டலம், எழுத்துப் போட்டவை இன்னொரு மண்டலம். டிஸ்க்குகளுக்கான விசிறிகளை எழுத்து ஹெடரில் மாட்டிவைத்தால் பின்னால் தனியாகக் கட்டுப்படுத்த வசதி.

எண்ணை எழுதினாலும் வேகம் மாறவில்லை

‘அனுமதி இல்லை’ என்று வந்தால் முதலில் கட்டளையைப் பாருங்கள். சுடோ போட்டு எக்கோ செய்து அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பியிருப்பீர்கள். சுடோ எக்கோவுக்கு மட்டும்தான் பொருந்தும். கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். ‘டீ’ கட்டளைக்குச் சுடோ கொடுத்து அதன் வழியே எழுதுங்கள், அல்லது ரூட் ஷெல்லுக்குள் போய்விடுங்கள்.

அடுத்து, எனேபிள் கோப்பில் 1 எழுதாமல் 0 முதல் 255 வரையான பி.டபிள்யூ.எம். எண்ணை எழுதிப் பயனில்லை. தானியங்கி முறையில் இருக்கும் சிப் அதை மதிக்காது. 1 எழுதிய பிறகும் சில விநாடிகளில் எண் பழைய நிலைக்குத் திரும்பினால் பயாஸோ வேறொரு நிரலோ மேலே எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஃபேன்கன்ட்ரோல் நிரல்களை நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் நடக்கிறது.

எண் நிலையாக நிற்கிறது, விசிறி மட்டும் அசையவில்லை என்றால் தவறான ஹெடர். பி.டபிள்யூ.எம்.1 என்பது விசிறி 1ஐத்தான் ஓட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. போர்டில் அச்சிட்ட எண்ணும் சிப்பின் எண்ணும் ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. ‘பி.டபிள்யூ.எம்.கான்ஃபிக்’ ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து எது எதனோடு இணைந்தது என்று சொல்லிவிடும். அந்தச் சோதனையில் விசிறிகள் உண்மையாகவே நிற்கும். பேக்கப் ஓடும் நேரத்தில் அதைத் தொடாதீர்கள். பி.எம்.சி. உள்ள போர்டில் என்.சி.டி.6775 ஏறி எண்களைக் காட்டினாலும் ஏமாறாதீர்கள். அங்கே விசிறிக் கம்பிகள் போவது பி.எம்.சி.க்கு.

நேற்று ஓடியது, மறுதொடக்கத்துக்குப் பிறகு ஃபேன்கன்ட்ரோல் மறுக்கிறது

ஒவ்வொரு சென்சார் சிப்புக்கும் கர்னல் ஒதுக்கும் அடைவு ஹெச்.டபிள்யூ.மான், அதன் எண்கள் நிரந்தரமல்ல. மாட்யூல்கள் ஏறும் வரிசைப்படி 0, 1, 2 என்று கிடைக்கும். டிஸ்க் வெப்பநிலையைப் படிக்கும் டிரைவ்டெம்ப் மாட்யூல் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ஹெச்.டபிள்யூ.மான் உருவாக்குவதால், ஒரு புதிய டிஸ்க்கைச் செருகினாலே எண்கள் நகர்ந்துவிடும். கோப்பில் எழுதிவைத்த பாதையும் பெயரும் பொருந்தவில்லை என்று ஃபேன்கன்ட்ரோல் நின்றுவிடுகிறது. எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தச் சோதனை இல்லாவிட்டால் டிஸ்க்கின் வெப்பநிலையைச் சி.பி.யூ.வுடையது என்று நம்பி விசிறியை ஓட்டும். சோதனை வரிகளை நீக்காதீர்கள். மாட்யூல்களைத் தொடக்கத்திலேயே குறித்த வரிசையில் ஏற்றச் சொல்லுங்கள். சொந்த ஸ்கிரிப்ட் என்றால் எண்ணை நம்பாமல் ஒவ்வொரு அடைவிலும் உள்ள ‘நேம்’ கோப்பைப் படித்துச் சிப்பைக் கண்டுபிடியுங்கள்.

விசிறி அமைதி, சி.பி.யூ. குளிர்ச்சி, டிஸ்க்குகள் கொதிக்கின்றன

சத்தம் வராததால் இது கவனத்துக்கே வராது. பயாஸ் வளைகோடு சி.பி.யூ.வைப் பார்த்து ஓடுகிறது. கோப்புகளைப் பரிமாறும் வேலையில் சி.பி.யூ. ஏறக்குறைய தூங்கும், டிஸ்க்குகளோ ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கப்பட்டு மணிக்கணக்கில் உழைக்கும். டிஸ்க்கின் வெப்பநிலை பயாஸுக்குத் தெரியாது. விசிறியை இயங்குதளத்திடம் ஒப்படைக்க எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இது ஒன்றுதான். டிஸ்க்குகள் இல்லாத பெட்டியில் பயாஸ் வளைகோடே போதும். மேலே சொன்ன தொல்லைகளில் பலவற்றைத் தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை.

லினக்ஸ் 5.6 முதல் டிரைவ்டெம்ப் மாட்யூல் கர்னலிலேயே இருக்கிறது. சாட்டா டிஸ்க்குகளின் வெப்பநிலை சென்சார்ஸ் பட்டியலில் வந்துவிடும், சர்வர்களில் வரும் எஸ்.ஏ.எஸ். வகை டிஸ்க்குகளுக்கு, டிஸ்க்கின் நிலையைக் கேட்டறியும் ஸ்மார்ட்சி.டி.எல். கட்டளைதான் வழி. சிக்கல், ஃபேன்கன்ட்ரோல் ஒரு விசிறிக்கு ஒரு வெப்பநிலையை மட்டுமே எடுத்துக்கொள்ளும்; நமக்கோ எல்லா டிஸ்க்குகளிலும் அதிகபட்சம் வேண்டும். சிறு ஸ்கிரிப்ட் எழுதலாம், அல்லது பல டிஸ்க்குகளைக் கவனிக்கும் ஹெச்.டி.டி.ஃபேன்கன்ட்ரோல் போன்ற நிரலை நாடலாம். டிஸ்க் சூடாக நிமிடங்கள் ஆகும். நொடிக்கொருமுறை கேட்பது வீண். 30 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை போதும். 3.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றின் தரவுத்தாள் 60 டிகிரி வரை அனுமதிக்கிறது. நான் 35இல் மெல்ல ஏறத் தொடங்கி 45இல் முழு வேகம் என்று வைப்பேன்.

தூங்கும் டிஸ்க்குகள் தூங்கவே மறுக்கின்றன என்றால் வெப்பநிலை கேட்பதே காரணமாக இருக்கலாம். சில டிஸ்க்குகளில் ஒவ்வொரு கேள்வியும் உறக்கக் கடிகாரத்தை முதலிலிருந்து ஓடவைக்கிறது. ஸ்மார்ட்சி.டி.எல்.லில் ‘உறக்கத்தில் இருந்தால் தொடாதே’ என்ற விருப்பம் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே உறங்கிய டிஸ்க்குக்குத்தான் உதவும். கேட்கும் இடைவெளியை உறக்க நேரத்தைவிட நீளமாக்கலாம்; அவ்வளவு நீண்ட இடைவெளி பிடிக்கவில்லையென்றால் டிஸ்க்குகளைத் தூங்கவிடும் எண்ணத்தையே கைவிடலாம்.

நின்ற விசிறி மறுபடி எழவில்லை

ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைத் தொடர்ந்து ஓடவைக்கத் தேவைப்படுவதைவிட, நின்ற விசிறியைக் கிளப்ப அதிகம் தேவை. ஃபேன்கன்ட்ரோலில் மின்ஸ்டாப் (ஓடும் விசிறி நிற்காமலிருக்க), மின்ஸ்டார்ட் (நின்ற விசிறி கிளம்ப) என்று இரண்டு எண்கள் இருப்பது அதனால்தான். 30 சதவீதத்துக்குக் கீழே நான்கு கம்பி விசிறி என்ன செய்யும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது: சில நிற்கும், சில குறைந்தபட்ச வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அளந்த மின்ஸ்டார்ட்டோடு 20ஐக் கூட்டி எழுதுங்கள். தூசி சேரச் சேர, பேரிங் தேயத் தேய, அந்தத் தேவை ஏறும்.

நிரல் செத்தது, விசிறி கடைசி வேகத்திலேயே நிற்கிறது

முறையாக நிறுத்தினால் ஃபேன்கன்ட்ரோல் கட்டுப்பாட்டைப் பழையபடி ஒப்படைத்துவிட்டுப் போகும். வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டால் ஒப்படைக்காது. கைமுறையில் நிற்கும் சிப் கடைசியாகக் கேட்ட எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ‘எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்’ வரியில் எனேபிள் கோப்புக்குப் பயாஸின் பழைய மதிப்பை எழுதும் கட்டளையைச் சேருங்கள். சேவை எப்படிச் செத்தாலும் அது ஓடும். பிறகு நீங்களே நிரலை 9ஆம் சமிக்ஞையால் கொன்று, வேகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

கர்னலே உறைந்துபோனால் இதுவும் உதவாது. சி.பி.யூ. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைக்கும். டிஸ்க்குக்கு அந்த வசதியில்லை. ஆகவே டிஸ்க் விசிறியின் குறைந்தபட்ச எண்ணைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண்ணில் விசிறியை நிறுத்திவைத்து, டிஸ்க்குகள் முழுதாக ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்த்தல்) ஆகும்வரை ஓடவிட்டு, வெப்பநிலை 50ஐத் தொடாமல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் பத்து பத்தாகக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.